புறாவுக்கு மறுபடி முளைத்த காது

என் மனைவியின் தம்பிக்குப் பந்தயப் புறா என்றால் உயிர். ராயபுரத்தில் நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கட்டடம். மொட்டை மாடி முழுக்க அவன் கூண்டுகள்தான். எனக்கு அவற்றைக் கண்டாலே எரிச்சல். காயப்போட்ட சட்டையில் எச்சம் விழாத நாளே கிடையாது.

போன வருஷம் பந்தயத்துக்கு முன்னால் அவனுடைய சாம்பல் புறாவுக்குக் கழிச்சல் கண்டது. புறாக்காரர்கள் டாக்டரைத் தேடிப் போகிறவர்கள் இல்லை, அவர்களே டாக்டர். மெடிக்கலில் மனுஷனுக்குப் போடும் ஊசி மருந்தை வாங்கிவந்து, சீக்கிரம் குணமாகட்டும் என்று தாராளமாக ஏற்றிவிட்டான். கழிச்சல் நின்றது. கூடவே புறாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. தலை நிமிர்ந்த பிறகும், அவன் விசில் அடித்தால் மற்றதெல்லாம் ஓடிவர, இது மட்டும் கைப்பிடிச் சுவரில் சும்மா உட்கார்ந்திருந்தது. பின்னால் போய்த் தீனி டப்பாவைத் தட்டினாலும் அசையவில்லை.

“செவுடாப் பூட்ச்சி மாமா. இனிமே ஒதவாது. யாருக்குனா சூப்பு வெக்கக் குட்த்துர்றேன்” என்றான்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. திருவொற்றியூரில் இரும்பு அடிக்கும் பட்டறையில், சம்மட்டி மெஷின் பக்கத்திலேயே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். கனத்த சத்தம் கேட்கும். மெல்லிசாக, கீச்சென்று வருவது எதுவும் கேட்காது. என் மகள் போனில் பேசினால் பாதிதான் காதில் விழும்.

“இன்னாடா, செவுடுன்னா சூப்பா? அப்ப என்னியும் சேத்துக் குட்த்துடு!” என்று கத்தினேன். “கொஞ்ச நாளு இருக்கட்டும். தீனி நான் போட்றேன்.”

அந்த வாரமே காது டாக்டரம்மாவிடம் போகவேண்டியிருந்தது. என் காதைப் பார்த்து முடித்ததும் புறாவின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காதுக்குள்ளே பொடிப்பொடியாக மயிர்ச் செல்கள் இருக்கின்றனவாம். சத்தம் பட்டால் காற்றில் நாற்று அசைவதுபோல அசைந்து மூளைக்குச் சேதி அனுப்புமாம். எனக்குச் சம்மட்டிச் சத்தம் அவற்றை அழித்தது, புறாவுக்கு மருந்து.

“உங்களுக்குப் போனது போனதுதான்” என்றார். “பறவைக்கு அப்படி இல்ல. செத்துப்போன செல்லுக்குப் பக்கத்துல தாங்கிட்டு நிக்கிற செல்லே பெருகி, உருமாறி, புது மயிர்ச் செல்லாயிடும். சில வாரம் பொறுத்துப் பாருங்க.”

பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் பஸ் ஏறியதும் அது எங்கோ போய்விட்டது. கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்து ஊரையே கிழித்துக்கொண்டிருந்தன. மேலே கம்பியில் காக்காய்கள் கவலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தன. எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத அந்தத் தலைகளுக்குள், கெட்டுப்போன காது யாரும் சொல்லாமலே தன்னைத் திரும்பச் செய்துகொள்கிறது! பட்டறையில் ஒரு போல்ட் தேய்ந்தால் மாற்ற நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். எத்தனை பெரிய விஷயத்தைத் தலைக்குமேலே வைத்துக்கொண்டு, எச்சத்துக்காகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! உடம்பு சிலிர்த்தது.

அதன் பிறகு தினமும் வேலைக்குக் கிளம்புமுன் மாடிக்குப் போய்ச் சாம்பல் புறாவுக்கு எதிரில் உட்காருவேன். வாரங்கள் போயின. அது தின்றது, தூங்கியது, அவ்வளவுதான். மச்சானும் பொறுமையிழந்து, சூப்புப் பேச்சை மறுபடி எடுத்தான்.

ஒரு நாள் காலை, என் கையிலிருந்த கம்பு மணிகளைக் கொத்திக்கொண்டிருந்த புறா சட்டென்று கொத்துவதை நிறுத்தியது. கழுத்தை வளைத்து எனக்குப் பின்னால் பார்த்தது. நானும் திரும்பினேன். மாடிப்படி வாசலில் மச்சான் வாயில் இரண்டு விரலை வைத்தபடி நின்றிருந்தான்.

“கேட்ச்சி மாமா! அத்துக்குக் கேட்ச்சி!” என்று துள்ளினான்.

எனக்குக் கேட்கவில்லை. அவன் விசில் அடித்ததே புறா திரும்பியதால்தான் எனக்குத் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது.

“இன்னொரு தபா அடிடா” என்றேன்.

அவன் விரலை வாயில் வைத்தான். நான் புறாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.