தண்ணீர் கலந்த பிளா

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் மார்க்கண்டு வாத்தியார். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். மானிப்பாய்ப் பக்கத்துக் கள்ளுத் தவறணை ஒன்றில் பனையோலைப் பிளாவில் கள் வார்த்துக் கொடுப்பது என் தொழில். உள்ளே இருக்கும்வரை எங்களை ‘அண்ணை’ என்பார்கள். வாசலைத் தாண்டினால் ‘குடிகெடுத்தவன்’. தேத்தண்ணி ஊற்றுகிறவனுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. வார்த்துக் கொடுத்துப் பழி சுமந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

சத்தம்

தொண்டைமானாற்றிலிருந்து ஒருவர் சைக்கிளில் மீன் விற்க வருவார். பெட்டி வெறுமையானதும் எங்களிடம் வந்துவிடுவார். முன்பு தம்பியோடு கடலுக்குப் போனவர். தம்பி கடலில் தாண்டு செத்துப்போன பிறகு தோணியில் கால் வைக்கவில்லை.

முதல் பிளா முடியும்வரை செவிடனோடு கதைப்பதுபோலக் கத்திக் கதைப்பார். இரண்டாவது உள்ளே போனால்தான் குரல் இறங்கும். ஏன் இப்படிக் கத்துகிறீர் என்று ஒருநாள் கேட்டேன். “அவன் கூப்பிட்டுக்கொண்டெல்லோ இருக்கிறான், அண்ணை. அவன்ரை சத்தத்துக்கு மேலாலை நான் கதைக்க வேண்டாமோ?”

முதுகும் தொண்டையும்

கிணற்றுத் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்த காலத்தில், முதுகு நோவுக்கென்று குடிக்கத் தொடங்கினவர் கந்தையர். பிறகு இறைக்கிற மெசின் வாங்கினார். ஆனாலும் வருவது நிற்கவில்லை. “இப்ப மெசின்தானே இறைக்குது, இன்னும் என்னத்துக்கு?” என்றேன்.

“முதுகுக்குத் தெரியும் சின்னத்தம்பி. தொண்டைக்குத்தான் இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.”

கேள்வி

வாத்தியாரின் ஒரே மகன் குலம். சோதனையில் நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழகத்துக்கு எடுபடவில்லை. வீட்டில் தகப்பன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ரோட்டில் காண்கிற ஒவ்வொருவரும் சைக்கிளை நிறுத்தி விசாரிப்பார்கள். அவன் எங்கள் மூலையில் கிடக்கும் வாங்குப் பலகையில் வந்து இருந்து குடிப்பான். வீட்டுக்குப் போ தம்பி என்றால் சிரிப்பான். “இங்கை மட்டுந்தான் அண்ணை, என்ன பெறுபேறு எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.”

பின்வேலி

ஒருநாள் வாத்தியார் தவறணையின் பின்வேலியடியில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். “மறிச்சால் வேறை எங்கையும் போவான், சின்னத்தம்பி. தண்ணியைக் கலந்து குடு. நாளுக்கு நாள் கூட்டு. தானாய் விட்டிடுவான். நான் வந்தது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.”

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். படித்த மனிசன் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவனுக்கு வார்க்கிற கள்ளு முட்டியை வேறாக வைத்துக் கலந்தேன். பத்தாம் நாள் அவன் பிளாவைப் பார்த்தபடி இருந்தான். நுரை இல்லை. குடிக்காமல் நிலத்தில் கவிழ்த்துவிட்டு எழும்பினான். அதன்பிறகு அவன் எங்களிடம் வரவில்லை. கள்ளச் சாராயம், கசிப்பு, காய்ச்சுகிற இடத்துக்குப் போனான். வருடம் திரும்புமுன் அதைக் குடித்தே செத்தும் போனான். பிளாவைக் கவிழ்த்த அன்று அவன் வாசலில் நின்று கேட்டது இன்னும் என் காதில் கிடக்கிறது. “நீங்களுமோ, அண்ணை?”

படலை

செத்த வீட்டுக்குப் போனேன். ஊர் முழுக்க முற்றத்தில் நின்றது. வாத்தியார் என்னைக் கண்டதும் எழும்பி வந்தார். “வார்த்துக் குடுத்து என்ரை பிள்ளையைக் கொன்றவன் வாறான். படலையைச் சாத்துங்கோ!”

ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று பின்வேலியடியில் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். படலையடியிலேயே திரும்பினேன். வீட்டில் மனிசி கேட்டாள், அவளுக்கும் சொல்லவில்லை.

மூலை வாங்கு

ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை, பட்டப்பகலில் வாத்தியார் தவறணைக்குள் வந்தார். ஏழெட்டுப்பேர் இருந்தார்கள். அவர் மகன் இருந்த மூலையில் போய் இருந்தார். பிளாவை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் வேட்டியில் ஊற்றிக்கொண்டார். இப்போது எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லப்போகிறார் என்று முட்டியோடு நின்றேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: “எனக்குத் தண்ணி கலவாதை.”

அன்று தொடக்கம் அவர் ஒருநாளும் தவறாமல் வருகிறார், நானும் கலப்பில்லாமல்தான் வார்க்கிறேன். படலையில் ஊர் கேட்கச் சொன்னதை ஊர் கேட்கத் திருப்பி எடுக்க மட்டும் அவருக்கு வாய் இன்னும் நனையவில்லை.