மூன்றரையா, ஐந்தா, ஏழேகாலா

சின்ன நீராவி எஞ்சின் செய்ய ஆசைப்படுகிறவனுக்கு முதல் வேலை, தண்டவாள அகலத்தை முடிவு செய்வது. மூன்றரை அங்குலம், ஐந்து, ஏழேகால். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு யோசிப்பதில்லை. நானும் அப்போது யோசிக்கவில்லை.

நான் சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போன மகன், எஞ்சின் வரைபடப் புத்தகம் ஒன்று அனுப்பினான். அப்பா சும்மா இருந்தால் அம்மாவைப் படுத்துவார் என்ற நல்லெண்ணம்தான். திருப்பதியில் லேத் பட்டறை வைத்திருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கூட்டுச் சேர்ந்தான். தண்டவாளம் போட இடம் வேண்டுமே. கொல்லைப்புறம் மனைவியின் ராஜ்ஜியம். துணிக்கொடியை அவிழ்க்க அவள் ஒரே நிபந்தனை போட்டாள். முதல் சவாரி அவளுக்கு.

செப்புத் தகடு கிடைக்குமா, எஞ்சினைத் தூக்கினால் இடுப்பு தாங்குமா என்று மாதக்கணக்கில் பேசினோம். ஊரில் அப்போது நிஜ ரயில்வேயே மீட்டர் கேஜைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டுக்கொண்டிருந்தது.

"கவர்மெண்டே பெரிசு பண்ணிக்கினு கீது. நீ இன்னா மாமா சின்னதுக்குப் போற?" என்றான் மச்சான்.

மூன்றரை என்றால் சுலபமாகத் தூக்கலாம் என்று அடம்பிடித்து ஜெயித்தேன். அதில் தண்டவாளம் முழங்கால் உயரத்தில் செங்கல் தூண்கள் மேல் போகும். ட்ராலியில் குதிரைச் சவாரி மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார வேண்டும். புத்தகத்தில் படம்கூட இருந்தது. படத்தில் எல்லாரும் பேன்ட் போட்டிருந்தார்கள். இரண்டு மேதாவிகளும் பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

எஞ்சின் செய்வதற்கு முன்னால் பாதையைச் சோதிக்க ட்ராலியை ஏற்றினோம். மனைவி சேலையைச் சரிசெய்துகொண்டு, ஸ்கூட்டரில் உட்காருவது போலவே ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். மச்சான் தள்ளினான். நேர்ப்பாதையில் சிரித்துக்கொண்டே போனவள், வளைவில் ட்ராலியோடு கவிழ்ந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் புத்தூர்தான். பச்சிலை அரைத்துக் கட்டுப் போடும் இடத்தில் நல்ல கூட்டம். எப்படி அடிபட்டது என்று கேட்ட ஒருவரிடம், "ரயில்லேர்ந்து வுயுந்துட்டேன்" என்றாள். கூட்டமே திரும்பியது. பக்கத்தில் கால் கட்டோடு இருந்தவர் பதறிப்போய், "ஏ ரைலம்மா?" என்று எந்த ரயில் என தெலுங்கில் விசாரித்தார்.

"எங்கூட்டு ரயிலு" என்றாள். நான் வெளியே போய் டீ குடித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நல்ல சண்டையை எதிர்பார்த்தேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகக் கேட்டாள்.

"ஏங்க, சேர்ல உக்கார்ற மாரி, கால உள்ள வெச்சுக்கினு நேரா உக்காரணும்னா எது?"

"ஏழேகால். ஆனா அந்தச் சக்கரம் உன் தம்பி லேத்துல ஏறாது. எஞ்சினத் தூக்கவும் ஆள் வேணும்."

"கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து உங்க ஸ்கூட்டர்ல ஒரு பக்கமா உக்காந்துக்கினு, ஊர்ல பாதியத்தான் பாத்துக்கினு கீறேன். ரயில்லயாச்சும் முன்னாடி பாக்கணுங்க."

இத்தனை வருஷம் முன்னால் உட்கார்ந்து ஓட்டியவன் நான். அவளுக்கு எந்தப் பாதி தெரியாது என்றுகூட யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்கு போன் போட்டு, பெரிய லேத்துள்ள பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.