சிரித்தால் கத்தும் லாரி

டிரைவர் இல்லாமல் ஓடும் லாரியை நான் முதன்முதலில் பார்த்தது, செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், என் சகலையின் செல்போனில். ஏதோ வெளிநாடு. துடைத்து வைத்தது போல ரோடு. ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. சீட்டில் ஆள் இல்லை, தலைக்குக் கட்டுகிற துண்டுகூட இல்லை. ஆந்திராவில் அரிசியை இறக்கிவிட்டு மிளகாய் லோடோடு அன்றுதான் திரும்பியிருந்தோம். உடம்பில் இருந்த அசதிக்கு, அந்தக் காலி சீட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. அந்த ஆள் எங்கேயோ கால் நீட்டிப் படுத்திருக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த வாய் டீ குடிக்கும்போதுதான் பயம் வந்தது.

"சகல, நம்ம கத முடிஞ்சிது" என்றேன்.

"நீ வேற. இது நம்ம ரோட்டுக்கு வந்தா திண்டிவனம் போய்ச் சேராது" என்றான் அவன். "நடுவுல எவனாவது கொள்ளு காய வெச்சிருப்பான். ஏறலாமா, ஒதுங்கலாமான்னு மிஷினு அங்கியே நின்னு பொழுதுக்கும் யோசிச்சிகினு இருக்கும்."

எங்கள் பக்கம் அறுத்த கொள்ளுச் செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்துக் கொள்ளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒதுங்கிப் போனால் முறைப்பார்கள். அதுவே நெல்லாக இருந்தால் ஒதுங்க வேண்டும். ஏறினால் நம் வம்சத்தையே இழுப்பார்கள். சகலை சொன்னது நியாயம்தான். ஆனால் பயந்தவனுக்கு நியாயம் எங்கே ஏறும்?

அந்த வாரம் முழுக்க வேறு தொழில் தேடினேன். கோட்டை வாசலில் சீத்தாப்பழம் விற்கலாம் என்று போய்ப் பார்த்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் ஒரு குரங்கு வந்து பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு மதில் மேல் ஏறியது. அந்தக் கோட்டையில் எத்தனை ராஜா, எத்தனை படை! எல்லோருக்கும் வேலை போய்விட்டது. குரங்குகளுக்கு மட்டும் இன்னும் போகவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "நாம ஓட்டறதப் பாத்துப் பாத்து மிஷினு கத்துக்குமாம். அப்புறம் நம்மள எறக்கி உட்டுடுமாம்."

அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "உன்னப் பாத்து ஓட்டக் கத்துக்கினா அந்த லாரியில எவன்யா லோடு ஏத்துவான்?"

சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே லாரிக்கு டிரைவர்கள். ஒருவன் ஓட்ட, மற்றவன் பின்னால் படுத்துக்கொள்வான். கண் அசருகிற நேரத்தில் மட்டும் மற்றவன் எழுந்து வந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். இது எங்களுக்குள் ஏற்பாடு. நான் பேசினால் சிரிப்புப் பேச்சுத்தான். ஆனால் என் ஜோக்குக்கு நானே முதலில் சிரிப்பேன், அதுவும் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு. கல்யாணப் போட்டோவில் எனக்குக் கண்ணே கிடையாது. சகலை நேர் எதிர். மூடின ரேஷன் கடை மாதிரி முகம். எப்போதாவதுதான் திறக்கும்.

அப்போதுதான் முதலாளி புது லாரி வாங்கினார். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பூஜை எல்லாம் முடிந்த பிறகு எங்களைக் கேபினுக்குள் கூப்பிட்டு, ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடிப் புள்ளி ஒன்றைக் காட்டினார்.

"இது உங்க மூஞ்சியப் பாத்துகினே இருக்கும். கண்ண மூடுனீங்கன்னா கத்தும். எனக்கு போன்ல மெசேஜ் வந்துடும்."

"எங்க மூஞ்சியப் பாத்துகினே இருக்கறதுக்கு அதுக்கு இன்னா தலையெழுத்து மொதலாளி?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இனிமே வண்டிக்கு ஒரு ஆளு போதும்ப்பா. தூங்குனா அதுவே எழுப்பி உட்டுடுது. ஒரு மாசம் ரெண்டு பேரும் ஓட்டுங்க. யாருக்குக் கம்மியா கத்துதோ அவரு வண்டியில இருக்கட்டும்."

"இன்னொருத்தரு?"

"பாக்கலாம்" என்றார். முதலாளிகள் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். சகலை என்னைப் பார்த்தான். நான் அந்தக் கண்ணாடிப் புள்ளியைப் பார்த்தேன்.

முதல் நடையில், செஞ்சி எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே மிஷின் கத்திவிட்டது. நான் குரங்கு பழம் தூக்கிய கதையைச் சொல்லிச் சிரித்தேன். பீப் பீப் என்று அலறி, எதிரே இருந்த திரையில் ஆவி பறக்கும் கப் ஒன்றைக் காட்டியது. களைத்துவிட்டாயாம், நிறுத்தி டீ குடிக்க வேண்டுமாம். படம்தான் காட்டும், டீயை நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். மிளகாய் நெடியில் தும்மினேன், அதற்கும் கத்தியது. கொட்டாவி விட்டேன், அதற்கும் கப். திரும்பி வருவதற்குள் நான் மனதுக்குள் சீத்தாப்பழக் கூடையே வாங்கிவிட்டேன்.

ஆனால் சகலை ஓட்ட உட்கார்ந்ததும் வேறு கூத்து. வழியில் கோயில் வந்தால் அவன் கண்ணை மூடி, ஒரு கையால் நெஞ்சைத் தொட்டு, உதட்டைத் தொட்டுக் கும்பிடுவான். எந்த டிரைவரும் செய்வதுதான். ஆனால் இவன் ஒன்றையும் விடமாட்டான். பிள்ளையார், எல்லையம்மன், மாதா கோயில், தர்கா, எல்லாம் ஒன்றுதான். கோபுரம் வைத்துக் கட்டிய கல்யாண மண்டபத்தையும் ஒருமுறை கும்பிட்டிருக்கிறான். எங்கள் ரோட்டில் கோயிலுக்குக் குறைச்சலா? பீப். பீப். பீப்.

"கண்ணத் தொறந்துகினு கும்புடேன் சகல, சாமி கோச்சிக்கவா போவுது?" என்றேன்.

"நீ கண்ணத் தொறந்துகினு சிரி, பாக்கலாம்."

பார்த்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பழகினேன். துணி எடுக்க வந்த மனைவி அலறிவிட்டாள். "ஏன்யா, இன்னாத்தயாவது மிதிச்சிட்டு வந்துட்டியா?" அன்று சாயங்காலமே எனக்கு வேப்பிலை அடிக்க ஏற்பாடு நடந்தது. நல்லவேளை, லோடு வந்துவிட்டது.

கண்ணைத் திறந்துகொண்டு சிரிக்க வரவில்லை. சிரிக்காமல் இருக்க வந்தது. மாசக் கடைசிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சகலை பேச்சுக் கொடுத்தாலும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு 'ம்' என்பேன். அவன் மட்டும் கும்பிடுவதை நிறுத்தவில்லை.

முதலாளி அவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "கும்புடறதக் கொற சொல்லலப்பா, கண்ண மட்டும் மூடாத."

"இத்தினி வருஷமா வண்டியும் நானும் வூடு வந்து சேந்தது எப்டி மொதலாளி? கண்ண மூடிக் கும்புட்டுதான்" என்றான் சகலை. சத்தம் போடவில்லை. சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தான். எனக்கு அதை எடுக்கக் கை வரவில்லை. அப்புறம் எடுத்துக்கொண்டேன்.

அவன் இப்போது ஒரு ரைஸ் மில்லில் பழைய லாரி ஓட்டுகிறான். வல்லம் பக்கத்துக் கிராமங்களில் நெல் ஏற்றிக்கொண்டு மில்லுக்கு வருவது, அவ்வளவுதான். ஹாரனைத் தவிர வேறு எதுவும் கத்தாத வண்டி. கொஞ்ச நாள் அக்காளும் தங்கச்சியும் பேசிக்கொள்ளவில்லை. எனக்குச் சோறு போடும்போது தட்டு தரையில் கொஞ்சம் வேகமாகவே உட்கார்ந்தது.

நான் ஜெயித்துவிட்டேன். பக்கத்து சீட்டில் தண்ணீர் கேன் உட்கார்ந்து வருகிறது. முன்பெல்லாம் பாதி வழி பின்னால் படுத்திருப்பேன். இப்போது முழு வழியும் கண்ணை விரித்துக்கொண்டு நான்தான். அசந்தால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங் மேல் கொஞ்சம் தலையைச் சாய்த்து எழுந்துகொள்கிறேன். அது தூக்கத்தில் சேராது. மிஷின் கத்துவதில்லை. முதலாளிக்கு என் மேல் ரொம்பத் திருப்தி. போன மாதம் டோல்கேட்டில் இருந்த பெண், "யார் மேல சார் கோவம்?" என்று கேட்டது. அதற்குப் பதில் சொல்லக்கூட எனக்கு ஒரு ஜோக் வரவில்லை. டிரைவர் இல்லாத லாரி என்றால் இதுவும்தான் என்று தோன்றியது.

போன வாரம் திண்டிவனம் ரோட்டில் பாதியை அடைத்துக் கொள்ளு பரப்பியிருந்தார்கள். மெதுவாக ஊர்ந்தேன். எதிரே நெல் மூட்டைகளோடு ஒரு பழைய லாரி. பக்கத்தில் வந்ததும் ஜன்னலில் சகலையின் தலை.

"இன்னா சகல, ஏறலாமா ஒதுங்கலாமான்னு மிஷினு யோசிக்குதா?"

அவன் முகம் நன்றாகத் திறந்திருந்தது. நான் சிரித்துவிட்டேன். எத்தனை நாள் சிரிப்போ, வயிறு குலுங்க, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, லாரி கொள்ளின் மேலேயே நின்றுவிட்டது. மிஷின் அலறியது. கப் வந்தது. பின்னாலேயே போன் அடித்தது.

"இன்னாப்பா, தூங்கிட்டியா?" என்றார் முதலாளி.

"இல்ல மொதலாளி. சிரிச்சேன்."

"அத வூட்டுக்குப் போயி சிரி" என்று வைத்துவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன். வீட்டுக்குப் போகும் முன்னால் ஆந்திரா போய் வர வேண்டும்.