பழைய டாக்டரிடம் நியாயம் கேட்கப் போனோம்

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்று பத்தொன்பது வயதில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மறுவாரம் தவளக்குப்பத்தில் இருந்த மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். இரண்டில் ஒன்று பலிக்கும் என்று நம்பினாள்.

"இது ஒரு கோளாறு. சரி பண்ணிடலாம்" என்றார் டாக்டர். என் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டு, ஆண் நினைப்பு வரும்போதெல்லாம் சுளீரென்று இழுத்து விடச் சொன்னார். வலிக்குப் பயந்து நினைப்பு ஓடிவிடுமாம்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அழகாக இருந்தார். டவுன் வருவதற்குள் ரப்பர் பேண்ட் அறுந்துவிட்டது.

ஆறு மாதம் போனோம். மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம். கடைசியில், "சரியாயிடுச்சு டாக்டர்" என்று பொய் சொன்னேன். அவர் பூரித்துப்போனார். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். அந்தப் பொய்யைப் பதினாறு வருஷம் காப்பாற்றினேன்.

போன வருஷம் அம்மா எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பியபோது, இனி தாங்காது என்று உண்மையைச் சொன்னேன்.

"திரும்ப வந்துடுச்சாடா?" என்றாள், ஏதோ மலேரியாவைக் கேட்பதுபோல.

"போகவே இல்லம்மா."

இந்த முறை ரெட்டியார்பாளையத்தில் ஒரு லேடி டாக்டர். என் வயதுதான் இருக்கும்.

"என்னம்மா பிரச்சினை?"

"இவனுக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்குது."

"சரி. பிரச்சினை என்ன?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"அப்ப இது வியாதி இல்லியா?"

"இல்லம்மா. ஒரு காலத்துல எங்க டாக்டருங்களே வியாதின்னு புத்தகத்துல எழுதி வெச்சிருந்தாங்க. தப்புன்னு தெரிஞ்சு எடுத்துட்டாங்க. இப்ப மாத்தறேன்னு வைத்தியம் பண்றதுதான் தப்பு."

"எப்ப எடுத்தாங்க?"

"உங்க பையன் பொறக்கறதுக்கு முன்னாடியே எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க."

அம்மா எழுந்தே விட்டாள். "எங்ககிட்ட யாரும் சொல்லலியே!"

அங்கிருந்து நேராகத் தவளக்குப்பம். பழைய டாக்டர் ஓய்வு பெற்று, வீட்டு வாசலில் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா கேட்டைத் திறந்தபடியே சண்டையைத் தொடங்கினாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"நாங்க படிச்சப்ப அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்கம்மா" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். "இல்ல, அது சாக்கு. நீங்க வந்தப்பவே எல்லாம் மாறியிருந்துச்சு. நான்தான் புதுசா எதையும் படிக்கல." என்னிடம் திரும்பினார். "மன்னிச்சிடுப்பா."

பதினாறு வருஷமாக அவரைத் திட்ட வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். "நானும் குணமாயிட்டேன்னு பொய் சொன்னேன் டாக்டர்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "உன்னக் காட்டித்தான் மத்த பசங்களுக்கு நம்பிக்கை குடுத்தேன்."

என் பொய் இப்படி ஊழியம் செய்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"அந்தப் பசங்களத் தேடிப் புடிச்சு சொல்லுங்க" என்றாள் அம்மா. கோபம் பாதி இறங்கியிருந்தது. அவர் தலையாட்டினார். இதுவரை மூன்று பேரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டதாக எனக்குப் போன் செய்திருக்கிறார்.

அன்று தெருவுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காரும்மா."

"வேதக்காரரா?"

"இல்லம்மா, இந்து."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சரி வுடு. அத நான் ஃபாதர்கிட்ட பேசிக்கிறேன்."