கொழுந்து மலையில் ஆராதனை

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் சபைக்கு ஐந்தே குடும்பங்கள். மாதம் ஒரு ஞாயிறு பஸ்ஸேறிப் போய் ஆராதனை நடத்துவேன். போன மாதம் போனபோது தேவாலயத்தில் ஒருவருமில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பிப் போக ரோட்டுக்கு வந்தேன்.

அப்போது பனிமூட்டத்துக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டது. தேயிலை நிரையில் ஒரு பெண் ஓரடி பாட, அடுத்த நிரை அதைத் திருப்பிப் பாடியது. முகங்கள் தெரியவில்லை. மலையே பாடுவதுபோல இருந்தது.

பனி விலகியதும், நிரையில் நின்ற எங்கள் சபை மேரியக்கா என்னைக் கண்டுவிட்டார்.

"கொழுந்து கூடிப்போச்சுங்க பாஸ்டர், இன்னைக்கும் வேலை குடுத்துட்டாங்க. நாங்க ஆராதனைய ஆரம்பிச்சிட்டோம். நீங்க அங்கேயே நின்னு ஜெபம் பண்ணுங்க!"

ரோட்டில் நின்றே ஜெபித்தேன். மேலே ஒரு கையும் கூப்பியிருக்கவில்லை. எல்லாக் கைகளும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தன. ஆமென் சொல்லும்வரை கண்களை மூட எனக்கு மனம் வரவில்லை.