முகம் இல்லாத படம்

மழையில் அயனம்பாக்கம் ஏரி நிரம்பித் தெருவுக்குள் புகுந்தபோது ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். பத்திரிகைக்காகப் படம் எடுக்கப் போனேன். இறந்தவர் முகத்தைக் காட்டக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். அதற்குக் கண்ணியம் என்று பெயர். சேற்றில் கிடந்த கையை மட்டும் எடுத்தேன். அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டித் தொலைத்தார்கள்.

காரியத்துக்கு முன்பு அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார்.

"போட்டோ, போனு, கார்டு எல்லாம் தண்ணில பூட்ச்சுண்ணா. மாலை போட ஒரு படம் இல்ல. நீ எட்த்ததுல அவரு மூஞ்சி கீதா?"

அன்று எடுத்ததையெல்லாம் கேமராவில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். எதிலும் முகம் இல்லை. அந்தக் கை வந்ததும் நிறுத்தச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"இத்தயே பிரேம் போட்டுக் குடுண்ணா."