ஒரு சுற்று தாமதம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் சண்டை போட்ட முதல் ஆளும் நான்தான். அந்தச் சண்டை ஒரு வலைத்தளத்தில் நடந்தது.

வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்கும் தளம் அது. உள்ளே அறைகள் உண்டு. ஓர் அறையில் நாலைந்து பேர். ஒருவர் கிடார், ஒருவர் டிரம்ஸ். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வீட்டு மாடிப்படியில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில், கீபோர்டோடு நான். வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பேசினாலே குரல் பிந்திக் கேட்கிற நெட்டில் தாளம் எப்படிச் சேருகிறது? தளத்தின் பழைய அறிவிப்புகளையெல்லாம் தேடிப் படித்தேன். தொடங்கியவர் ஒரு கல்லூரி மாணவர். நண்பர்களோடு வாசிக்க ஒரு பக்கம் செய்திருக்கிறார். ஒருவர் தாளம் தட்டினால் மற்றவருக்குச் சற்றுப் பிந்திக் கேட்கும். அவர் அதற்கேற்பத் தட்ட, இவருக்கு இன்னும் பிந்தும். பாட்டு இழுத்து இழுத்து நின்றுபோகும். தாமதத்தைக் குறைக்கப் பாடுபட்டு முடியாமல், கடைசியில் அதைப் பெரிதாக்கி, ஒரு முழுத் தாளச் சுற்று அளவுக்கு வைத்துவிட்டார்கள். நான் வாசிப்பது ஒரு சுற்று முழுக்கக் காத்திருந்து, அடுத்த சுற்றில்தான் மற்றவர்களுக்குக் கேட்கும். அவர்களுடையதும் எனக்கு அப்படியே. ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் கேட்பது ஐந்து வேறு பாட்டுகள். ஆனால் தாளம் தப்பாது.

இதை அம்மாவிடம் சொன்னேன். ஆற்றுக்கு மேலே பூதலூர்ப் பக்கம் நடவு முடிந்து களை எடுக்கும்போது இங்கே நாம் நாற்று விடுகிறோமே, அதுவும் இதே ஆறுதானே என்றேன். உளுந்து புடைத்துக்கொண்டே அம்மா சிரித்தாள்.

"தண்ணியிலதான் கடைமடைன்னா, பாட்டுலயுமாடி?"

தண்ணீர் கடைசியாக வந்து சேரும் எங்கள் ஊர்க் கதை பாட்டிலும் உண்மையாகிவிட்டது. என் நெட் எப்போதுமே மெதுதான். சுற்று முடிவதற்குள் என் வாசிப்பு போய்ச் சேராமல் பாதியில் அறுந்துவிடும். இடைஞ்சல் செய்பவரை ஓட்டுப் போட்டு வெளியேற்றும் வசதி அந்தத் தளத்தில் இருந்தது. வெளியேற்றினார்கள். அடுத்த அறையிலும் அதே கதை. ஒரு பாட்டையாவது முழுக்க வாசித்து முடிக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஆசையில்லை.

விவாதப் பக்கத்தில் எழுதினேன். தண்ணீர் குறைந்த வருடம் எங்கள் வாய்க்காலில் முறை வைப்பார்கள். மேலே இருப்பவர்கள் மதகை அடைத்துக்கொள்ள, கடைசி வயலுக்குத்தான் முதலில் பாயும். மேலிருந்து பாய்ச்சினால் கீழே வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதுபோல, அறையில் யாருடைய நெட் மெதுவோ அவருக்கு ஏற்பச் சுற்றை நீளமாக வையுங்கள் என்று கேட்டேன். ஒருவருக்காக நாலு பேர் ஏன் தூங்கி வழிய வேண்டும் என்றார் ஒரு கிடார்காரர். நீளச் சுற்றில் வாசிக்கத் தெரியாதவர்கள் தூங்கலாம் என்று பதில் போட்டேன். அந்த வரியில் எனக்கு இன்றும் பெருமைதான்.

தளத்தைப் பார்த்துக்கொள்பவர்களில் ஒருவர் சோதனைக்கு ஓர் அறை திறந்தார். சுற்று மிக நீளம். வந்தவர்கள் பொறுமையில்லாமல் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அந்தக் கிடார்காரர் மட்டும் போகவில்லை. அவருக்காகவே தாலாட்டு மெட்டு ஒன்றை வாசித்தேன்.

போய்ச் சேர்ந்ததா என்று தெரிய இரண்டு சுற்று ஆகும். ஒன்று அவரிடம் போக, ஒன்று அவர் வாசித்தது என்னிடம் வர. முதல் சுற்று முடிந்தது. விடாமல் வாசித்தேன். இரண்டாவதும் முடியப் போகிறது. அம்மா முறத்தோடு படிக்குக் கீழே வந்து நின்றாள்.

"வந்துச்சா?"

வாய்க்காலைப் பார்த்துக் கேட்கிற அதே கேள்வி.

"இரும்மா."

கிடார் வந்தது. என் மெட்டுதான், எங்கும் அறுபடாமல். முடிவில் மட்டும் நான் வாசிக்காத ஒரு சின்ன வளைவு. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே அடுத்த சுற்றில் அதையும் சேர்த்து வாசித்தேன்.

"வந்துருச்சும்மா."